அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்க விடுங்கள்: சண்டிகர் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சண்டிகர் யூனியன் பிரதேச நிர்வாகத்தார், சண்டிகரின் பாரம்பரியப் பொருட்களைப் பாதுகாக்கும் குழுவினர், இந்தியப் பண்பாட்டு அமைச்சகத்தார்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1950களிலிருந்து சண்டிகரின் அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் இருந்துவந்த, இன்று மேற்கத்திய ஏலக்கூடங்களில் பெரிய விலைக்குப் போகிற மேசை, நாற்காலி, புத்தக அலமாரிகளுக்கான பழைய தளவாடப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வையுங்கள். அந்தப் பதிவேடுகளையும், மிஞ்சியிருக்கும் தளவாடங்களில் கொஞ்சத்தையும் ஒரே அறையில் போடுங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மேசையில் விரித்து, அந்தப் பதிவேட்டையே படிக்க விடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மடல் நீள்கிறது.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சண்டிகர் நாற்காலிக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நூலகருடைய வேலையில் புத்தகம் பாதிதான், மீதிப் பாதி பதிவேடு. புத்தகம் வந்தால் சேர்க்கை எண், நாற்காலி வந்தால் தளவாட எண். இரண்டுக்கும் இருப்புச் சரிபார்ப்பு உண்டு. இரண்டும் கிழிந்தோ உடைந்தோ போனால் கழிவு செய்ய ஒரு குழு, மேலிடத்து அனுமதி, அப்புறம் ஏலம். அரசாங்கப் பொருள் திருட்டில் போவதைவிடக் கையெழுத்தில் போவதுதான் அதிகம் என்பது இந்த வேலை பார்த்த எவருக்கும் தெரியும். உங்கள் ஊர் நாற்காலிகளும் பெரும்பாலும் அப்படித்தான் போயின.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திறந்த மடல் என்பதால், கூட நின்று படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லாமல் ஆயிற்று. புது நகரத்துக்கு முதலில் திட்டம் போட்டவர் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர். அவரோடு சேர்ந்து வேலை பார்த்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோக, பொறுப்பு லெ கார்புசியேவிடம் வந்தது. அவர் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். கூடவே இருந்து, வெயிலில் நின்று, ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டி நகரத்தைக் கட்டியவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பியர் ஜான்னரே. 1951இல் வந்தவர் 1965 வரை அங்கேயே இருந்தார். 1967இல் ஜெனீவாவில் காலமானார். அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைக் கொண்டுவந்து உங்கள் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

ஒரு நகரத்தையே ஒரே மூச்சில் எழுப்பும்போது கட்டடத்தோடு வேலை முடிந்துவிடாது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், விடுதிகள், ஊழியர் குடியிருப்புகள் என எல்லா இடத்துக்கும் உட்கார நாற்காலி வேண்டும், எழுத மேசை வேண்டும், புத்தகம் அடுக்க அலமாரி வேண்டும். அதுவும் ஆயிரக்கணக்கில், அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில். 1920களின் கடைசியில் பாரிஸில் கார்புசியேவோடும் ஷார்லோட் பெரியாண்ட் என்ற வடிவமைப்பாளரோடும் சேர்ந்து எஃகுக் குழாய் நாற்காலிகளை வடிவமைத்தவர் ஜான்னரே. சண்டிகரில் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த தேக்கையும் சீசம் மரத்தையும் பிரம்பையும் மூங்கிலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டார். தேக்கைக் கரையான் லேசில் அண்டாது. பிரம்புப் பின்னலில் காற்று போகும், முதுகு வேர்க்காது. ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் கால்கள். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள வடிவமைப்புப் பைத்தியங்கள் தூரத்தில் நின்று பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடும் கால்கள் அவை.

இதில் ஜான்னரே பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது. யூலி சௌத்ரி என்ற இந்தியப் பெண் கட்டடக் கலைஞருக்கு இந்தத் தளவாட வடிவமைப்பில் பெரிய பங்கு உண்டு. ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ், பி. பி. மாத்தூர் என்று அன்றைய இளைஞர்கள் பலர் சண்டிகரைத் திட்டமிட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். வரைபடங்கள் பல பட்டறைகளுக்குப் போயின. அதனால்தான் ஒரே வகை நாற்காலியிலேயே ஒன்றின் கால் தடிமன் இன்னொன்றில் இருக்காது, கைப்பிடியின் சாய்வு மாறும். ஒவ்வொரு தச்சரும் தன் கண் அளவை அதில் விட்டுப் போயிருக்கிறார். பெயரை மட்டும் விட்டுப் போகவில்லை.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கதை எனக்கு நூலகன் என்ற முறையில் இன்னும் நெருக்கமானது. பிரிவினையில் பல்கலைக்கழகம் லாகூரில் இருந்த வளாகத்தை இழந்தது, நூலகமும் அங்கேயே நின்றுவிட்டது. அலுவலகம் சோலனில், துறைகள் ஹோஷியார்பூரிலும் டெல்லியிலும் மற்ற ஊர்களிலும் என்று சிதறிக் கிடந்து, கடைசியில் சண்டிகருக்கு வந்து சேர்ந்தது. புத்தகத்தை எல்லாம் தொலைத்துவிட்டு வந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாசிப்பு மேசை செய்வது என்றால் சும்மாவா? ஜான்னரே நடுவில் விளக்குப் பொருத்திய நீண்ட தேக்கு மேசை போட்டார். எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிற இருவருக்கும் ஒரே விளக்கின் வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழும், கண்ணில் விழாது. வாசிக்கிற ஆளை நினைத்துச் செய்த மேசை அது. அந்த வகை மேசைகளைத்தான் இன்று மேற்கத்திய ஏலக்கூடங்களின் விலைப்பட்டியலில், முழுப் பக்க வண்ணப் படமாகப் பார்க்கிறோம்.

எப்படிப் போயின என்பதை நாம் கொஞ்சம் மரியாதையோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பிரம்பு அறுந்தது. மறுபடி பின்ன ஆளும் காசும் வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, மெத்தை வைத்த சுழல் நாற்காலி வந்தது, இரும்பு பீரோ வந்தது. பழசைத் தூக்கி மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் குவித்தார்கள். குவியல் பெரிதானதும் விதிப்படி கழிவு செய்து ஏலம் விட்டார்கள். விறகு விலைக்குப் போயின. 1990களின் கடைசியிலிருந்து பாரிஸ் வியாபாரிகள் சிலர் அந்த ஏலங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். எரிக் டுஷலோம், பிலிப் ஜூஸ், பாட்ரிக் செகன், பிரான்சுவா லாஃபனூர் என்று நாலைந்து பெயர்கள் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் ஏலத்தில் எடுத்தார்கள், ரசீது வாங்கினார்கள், கப்பலில் ஏற்றினார்கள், பழுது பார்த்து விற்றார்கள். அவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வரும்வரை அந்தக் குவியலை மதித்தவர் அதிகம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு திருட்டும் நடந்தது, அது வேறு கணக்கு.

2011இல் உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு, சண்டிகரின் பாரம்பரியத் தளவாடங்களை விற்கக் கூடாது, ஏலம் விடக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டது. நிர்வாகம் கணக்கெடுத்தது. 12,793 பொருட்கள் என்ற எண் அதற்குப் பிறகு செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருக்கிறது. 2016இல் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் அடங்கிய வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. செக்டர் 5இல் ஜான்னரே வாழ்ந்த 57ஆம் எண் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கினீர்கள். இதெல்லாம் நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 12,793 பொருட்களும் எவை எவை, எங்கே இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் எத்தனை இருந்தன, எந்த வருஷம் எந்த அலுவலகம் எத்தனையைக் கழித்தது என்று ஒரு சாதாரணக் குடிமகன் உட்கார்ந்து புரட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

இங்கேதான் நான் ஒரு கலைப் படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் 'ப்ராவனன்ஸ்' என்று ஒரு படம் செய்தார், ஏறக்குறைய 40 நிமிடம். ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறுதான் அந்தச் சொல்லின் பொருள். உங்கள் ஊர் நாற்காலிகள்தான் அதன் கதாநாயகர்கள். படம் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்குப் போகிறது. முதலில் மேற்கத்தியச் செல்வந்தர்களின் வீடுகள், அங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றி அந்தக் கவிழ்ந்த 'வி' கால்கள். அப்புறம் ஏலக்கூடம். அப்புறம் பழைய மெருகைச் சுரண்டிப் புது உறை போடும் பட்டறை. அப்புறம் சரக்குப் பெட்டி, கப்பல், துறைமுகம். கடைசியில் சண்டிகர். அங்கே அதே நாற்காலிகளில் குமாஸ்தாக்கள் சாதாரணமாக உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் முழுக்க விளக்கக் குரல் கிடையாது.

அதோடு விடவில்லை அந்த அம்மா. 2013 அக்டோபரில் அந்தப் படத்தையே லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். படம் ஏலம் போவதைப் படமெடுத்து, 'லாட் 248' என்று இன்னொரு சிறு படம் ஆக்கினார். மூன்றாவதாக, அந்த ஏலத்தின் விலைப்பட்டியல் புத்தகத்தில் தன் படம் இடம்பெற்ற பக்கத்தின் அச்சுப் படியை எடுத்துக் கண்ணாடி போன்ற ஒரு பாளத்துக்குள் பதித்து வைத்தார். மூன்றும் சேர்ந்துதான் முழுப் படைப்பு. 2014இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

எனக்கு அந்த மூன்றாவது துண்டுதான் பிடித்தது. நாற்காலியின் மதிப்பை உண்டாக்கியது எது? மரம் அதே மரம், பிரம்பு அதே பிரம்பு. அதை ஒரு புத்தகத்தில், நல்ல காகிதத்தில், நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் போட்டு, கீழே 'பியர் ஜான்னரே, சுமார் 1955, உயர் நீதிமன்றம், சண்டிகர்' என்று அச்சடித்ததும் விலை ஏறியது. நாற்காலியின் முதுகில் அலுவலகக் குமாஸ்தா யாரோ பெயிண்டில் போட்ட துறைச் சுருக்கமும் எண்ணும் இருந்தால் இன்னும் ஏறியது. அந்த எழுத்துகள் அழியாமல் இருக்கிற நாற்காலிக்குத் தனி மவுசு. தளவாடக் கணக்குக்காக எழுதிய எண் அங்கே நற்சான்றிதழ் ஆகிவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரப் புத்தகம் வேறு ஒன்று உண்டு. உங்கள் தளவாடப் பதிவேடு. நாற்காலியின் முதுகில் இருப்பது அந்தப் பதிவேட்டின் ஒரு வரி, அவ்வளவுதான். நூலகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாங்கள் போடும் சேர்க்கை எண்ணும் அதே மாதிரிதான், புத்தகம் எங்கே போனாலும் அந்த எண் பதிவேட்டைத்தான் திரும்பிப் பார்க்கும். ஏலக்கூடத்தின் புத்தகத்தில் நாற்காலிக்கு ஒரு வடிவமைப்பாளர் இருக்கிறார், ஒரு விலை இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் வாங்கிய தேதி, கொடுத்த தொகை, எந்த அறைக்குப் போனது, எப்போது உடைந்தது, யார் கையெழுத்தில் கழிக்கப்பட்டது என்பதெல்லாம் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் போனால் பொதுப்பணித்துறைக் கோப்புகளில் ஒப்பந்தக்காரர் பெயரும் மர அளவும் கூலியும் இருக்க வேண்டும். சீகலின் படம் அலுவலகத்தில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தின இடம், தச்சுப் பட்டறை, அதில் இல்லை. அது அவர் குற்றமில்லை. பட்டறைகள் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கேமரா அங்கே போக முடியாது. காகிதம் போகும். அந்தக் காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது, இன்னும் கழிவு செய்யப்படாமல் இருந்தால்.

முதல் புத்தகமான விலைப்பட்டியலின் ஒரு பக்கத்தை ஒரு கலைஞர் பாளத்துக்குள் வைத்து உலகத்துக்குக் காட்டிவிட்டார். இரண்டாவது புத்தகமான பதிவேட்டைக் காட்ட வேண்டியவர்கள் நீங்கள்.

பதிவேட்டை எல்லாம் யார் வந்து பார்ப்பார்கள் என்று ஓர் அதிகாரி கேட்பார், எனக்குத் தெரியும். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் வேலைகளைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவின் ஆவணக் காப்பகங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கிய கோப்புகளைப் படமெடுத்து 2013இல் 'ஃபைல் ரூம்' என்று ஒரு புத்தகம் போட்டார். தன் புகைப்படங்களுக்கு அவரே மர அமைப்புகள் செய்துகொள்கிறார். திறக்கலாம், மூடலாம், படங்களை மாற்றி மாற்றிச் செருகலாம். அலமாரியா, புத்தகமா, அருங்காட்சியகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவற்றில் ஒன்றுக்குப் பெயரே தளவாடங்களின் அருங்காட்சியகம். லண்டனில், பெர்லினில் எல்லாம் மக்கள் அவற்றைப் பார்க்க வந்தார்கள். காகிதக் கட்டும் மர அலமாரியும் பார்க்கத் தகுந்த பொருள்கள்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு பேச்சு. நம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, ஒரு பொருள் தொல்பொருள் ஆக 100 வருஷம் ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துச் சுவடிகள் போன்றவற்றுக்கு 75. ஆக 1955இல் செய்த நாற்காலி 2055இல்தான் தொல்பொருள். அதுவரை வெளிநாட்டு ஏலக்கூடங்களுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களுக்கு, இது முறைப்படி ஏலத்தில் வாங்கியது, எங்கள் நாட்டுச் சட்டத்தில் தடை இல்லை என்ற பதில்தான் வரும். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. 100 வருஷம் ஆகாவிட்டாலும், அழகும் கலை மதிப்பும் கருதி ஒரு படைப்பைக் கலைச் செல்வம் என்று மத்திய அரசு அறிவிக்கலாம். படைத்தவர் உயிரோடு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஓவியர்கள் ரவி வர்மாவும் அம்ரிதா ஷெர்கிலும் ஜாமினி ராயும் அப்படித்தான் வெளியே போக முடியாதபடி காக்கப்பட்டார்கள். அந்த வரிசையில் நிகோலாய் ரோரிக்கும் இருக்கிறார், ரஷ்யாவில் பிறந்தவர். எனவே ஜான்னரே வெளிநாட்டுக்காரர் என்பது ஒரு தடையாக இருக்க முடியாது.

எல்லா நாற்காலியையும் கலைச் செல்வம் ஆக்குங்கள் என்று கேட்கமாட்டேன். ஆயிரக்கணக்கில் செய்த பொருளை அப்படி அறிவிப்பது அந்தப் பொருளின் இயல்புக்கே பொருந்தாது, நடைமுறையிலும் தாங்காது. விளக்கு பொருத்திய வாசிப்பு மேசைகள், முதல் மாதிரிகள், எண்ணிக்கையில் மிகக் குறைந்துபோன புத்தக அலமாரிகள் என்று ஒரு சிறு பட்டியல் போதும். அப்படி ஒரு பட்டியல் போடவும் பதிவேடுதான் வேண்டும். எது அரியது என்பது எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தானே தெரியும்?

பதிவேட்டைத் திறந்தால் போலி செய்கிறவர்களுக்கு வசதியாகிவிடும் என்ற ஒரு வாதம் உண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புது மரத்தில் பழைய மாதிரி செய்து, பழைய எண்ணைப் பெயிண்டில் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்கள் எல்லாம் வெளியே வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். ஆனால் அவர்களுக்கு இப்போதே எண்கள் கிடைக்கின்றன, ஏலக்கூடத்தின் விலைப்பட்டியலில் பெரிதாக்கிய படமாகவே. தெரியாமல் இருப்பது வாங்குகிறவருக்கும் ஆராய்கிறவருக்கும்தான். உங்களிடம் மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எண்ணும் இருக்கிற அறையும் சேர்த்து வெளியிட்டுவிட்டால், அதே எண்ணோடு நியூயார்க்கில் இன்னொரு நாற்காலி நிற்க முடியாது. கழித்தவற்றின் பட்டியலும் வெளியே வந்தால், கழித்ததாகப் பதிவே இல்லாத எண்ணோடு ஒரு நாற்காலி விற்பனைக்கு வரும்போது, அது போலியா திருடியதா என்று அன்றைக்கே கேட்கலாம். ரகசியம் இத்தனை வருஷம் யாரைக் காப்பாற்றியது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு வாதம், உட்கார்ந்தால் தேய்ந்துவிடும் என்பது. இதற்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. விற்பனைக்குப் போன நாற்காலிகளின் பிரம்பையெல்லாம் வியாபாரிகள் புதிதாகப் பின்னித்தான் விற்கிறார்கள், மெருகைச் சுரண்டித்தான் மறுபடி ஏற்றுகிறார்கள். செல்வந்தர் வீட்டில் அதன்மேல் உட்கார்ந்து ஒயின் குடிக்கலாம், சண்டிகரில் ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்து படித்தால் மட்டும் தேய்ந்துவிடுமா? பிரம்பு அறுந்தால் பின்னிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வடிவமைப்பின் சாமர்த்தியமே. பின்னத் தெரிந்த ஒருவருக்கு அந்த அறையிலேயே நிரந்தர வேலை கொடுங்கள். அவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் போய்ப் பார்க்கும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இரண்டு சொல்லில் முடிந்துபோகிற இந்த விதியை விளக்கும்போது அவர் நூலகம் இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், ஊழியர் என்பதோடு தளவாடத்தையும் ஒரு தலைப்பாக எடுத்துக்கொண்டு பேசுகிறார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். புத்தகத்தைக் காப்பாற்றுவதே நோக்கம் என்றால் அலமாரி கூரை வரை போகும், படிக்கிறவரே நோக்கம் என்றால் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும், உட்கார நல்ல நாற்காலியும் கிடைக்கும். ரங்கநாதனும் ஜான்னரேயும் சந்தித்தார்களா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. கண் கூசாத விளக்கோடு வாசிப்பு மேசை செய்தவரை அவருக்குப் பிடித்திருக்கும்.

வாசிப்பு அறையையே காட்சிப் பொருளாக வைப்பதும் புதிதல்ல. 1925இல் பாரிஸில் நடந்த பெரிய அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு சோவியத் நாட்டிலிருந்து ரோட்சென்கோ என்ற கலைஞர் ஒரு தொழிலாளர் மன்ற அறையைச் செய்து அனுப்பினார். நீண்ட வாசிப்பு மேசை, வரிசையாக நாற்காலிகள், பத்திரிகைகளும் புத்தகங்களும் வைக்கத் தட்டுகள், எதிரெதிரே இருவர் உட்காரும் சதுரங்க மேசை. வேலை முடிந்து வருகிற தொழிலாளி உட்கார்ந்து படிக்க இப்படி ஓர் அறை வேண்டும் என்பதுதான் அந்தக் காட்சி சொன்ன சேதி. கண்காட்சி முடிந்ததும் தளவாடங்களைப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே கண்காட்சியில் கார்புசியேவும் ஜான்னரேயும் கூட ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போட நாற்காலி எதையும் தனியாகச் செய்யாமல், கடையில் கிடைக்கும் தோனெட் நிறுவனத்து நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். மலிவான, எல்லோரும் வாங்குகிற நாற்காலிகள். தேக்கும் பிரம்பும் எடுத்து ஆயிரக்கணக்கில் சண்டிகரில் செய்தவரின் புத்தி 1925இலேயே அங்கே இருந்திருக்கிறது. அவருடைய நாற்காலியைக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை மாட்டி வைப்பது அவருக்கு நாம் செய்கிற மரியாதை என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, அறை எப்படி இருக்க வேண்டும்? இடத்தை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். செக்டர் 17இல் உங்கள் மத்திய மாநில நூலகம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் ஏ. சி. ஜோஷி நூலகம் இருக்கிறது, செக்டர் 19இல் கார்புசியேவும் மற்றவர்களும் வேலை பார்த்த பழைய அலுவலகமே அருங்காட்சியகமாக நிற்கிறது. எதுவானாலும் பரவாயில்லை, நுழைவுக் கட்டணமும் அடையாள அட்டைச் சோதனையும் இல்லாத இடமாக இருந்தால் போதும். நடுவில் விளக்கு மேசை, விளக்கு எரிய வேண்டும். சுற்றி நாற்காலிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு பட்டறையில் செய்தவையாக இருக்கட்டும். கால் தடிமனை ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளைக்குத் தச்சர் பலர் என்பது யாரும் சொல்லாமலே புரியும். அலமாரியில் தளவாடப் பதிவேடுகளின் நகல்கள், பொதுப்பணித்துறைக் கோப்புகளின் நகல்கள், கழிவுக் குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகள். மூலத்தைப் பத்திரமாக ஆவணக் காப்பகத்தில் வையுங்கள், நகல் போதும். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஏலக்கூடங்களின் விலைப்பட்டியல் புத்தகங்களையும் அடுக்குங்கள். கூச்சப்படாதீர்கள். இங்கே விறகு விலை போட்ட ஒரு குவியலின் கையெழுத்தையும், அங்கே அதே வகை நாற்காலிக்கு அச்சிட்ட விலையையும் ஒருவர் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கட்டும்.

படிக்கிறவர் ஏதாவது கண்டுபிடித்தால் எழுதிவைக்க ஒரு நோட்டும் வையுங்கள். தாத்தா அந்தப் பட்டறையில் வேலை செய்தார் என்று யாராவது வந்து சொல்லக்கூடும். தச்சர்கள் ஐம்பதுகளில் வேலை பார்த்தவர்கள், அவர்களை நேரில் அறிந்தவர்களுக்கே இப்போது வயது எழுபது எண்பது ஆகியிருக்கும். இதைத் தள்ளிப்போட முடியாது. கணக்கெடுப்புக்கு எப்போது வேண்டுமானாலும் இன்னொரு குழு போடலாம், இவர்களைக் கேட்பதற்கு அப்படி நேரம் இல்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு நூலகத்தில் பட்ஜெட் போட்டுப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், இது பெரிய செலவு பிடிக்கிற திட்டமே அல்ல. தளவாடம் உங்களிடம் இருக்கிறது. பதிவேடு உங்களிடம் இருக்கிறது. வேண்டியது நகலெடுக்க ஆள், பிரம்பு பின்ன ஆள், அறையைத் திறந்து மூட ஒரு நூலகர். இன்று பெங்களூர்ப் பட்டறையிலும் இத்தாலியின் கஸீனா என்ற தளவாட நிறுவனத்திலும் இந்த வடிவங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதில் தப்பில்லை, நல்ல வடிவம் பிழைத்திருப்பது நல்லதுதான். ஆனால் புது நாற்காலி வாங்க வசதி உள்ளவருக்கு ஒரு வழியும், பழைய நாற்காலி வாங்க வசதி உள்ளவருக்கு ஒரு வழியும் இருக்கிறபோது, எதையும் வாங்காமல் சும்மா வந்து உட்கார விரும்புகிறவருக்கு அந்த நாற்காலிகள் பிறந்த ஊரிலாவது ஒரு வழி இருக்கட்டும்.

பண்பாட்டு அமைச்சகத்தார் கலைச் செல்வம் பற்றிய அறிவிப்பைப் பரிசீலிக்க வேண்டும். நிர்வாகத்தார் முதல் வேலையாக, எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்த வருஷத்துத் தளவாடப் பதிவேடுகள் மிஞ்சியிருக்கின்றன என்ற பட்டியலை மட்டுமாவது வெளியிட வேண்டும். அதற்கு முன்னால், தயவுசெய்து, அந்தப் பதிவேடுகளைப் பழைய காகிதம் என்று கழிவுக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்குக் குழுவும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தமிழ்நாடு